போயா நாளில் புகைந்த பெட்டி

1

புதன்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இருக்கிறது. அந்த நிமிடத்தில் நான் வெள்ளவத்தையில் என் தங்கை வாசுகியின் நாலாம் மாடி பல்கனியில் நின்று, காலி வீதி நெடுகக் கட்டியிருந்த வெளிச்சக்கூடுகளைப் படம் எடுத்து, ஒஸ்லோவில் இருக்கும் மனைவிக்கு அனுப்பினேன். "எவ்வளவு வடிவு, பார்" என்று கீழே எழுதினேன். ஊர் முழுக்கக் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கத் தெரிந்த எனக்கு, அது ஏன் கட்டியிருக்கிறது என்று யோசிக்கத் தெரியவில்லை. இருபத்தைந்து வருடம் வெளிநாட்டில் இருந்தவனுக்குக் கண் மட்டும் முதலில் ஊருக்கு வருகிறது. மூளை ஒரு கிழமை கழித்துத்தான் வந்து சேர்கிறது.

படம் போய்ச் சேர்வதற்குள் தொலைபேசி அடித்தது.

"ஹலோ, பொட்டியில பேரு போட்டிருக்கிற டாக்டருங்களா?"

"ஓம், நான்தான். சொல்லுங்கோ."

"நான் கொட்டாஞ்சேனை ஸ்டோர்ல செக்யூரிட்டி, பெருமாள் பேசுறேங்க. ஒங்க பொட்டி பொகஞ்சுக்கிட்டு இருந்துச்சு சார்."

"என்ட பெட்டி ஏன் அங்க இருக்கு? அது இரவே பிளேன் ஏறியிருக்க வேணுமே!"

"அது எனக்குத் தெரியாதுங்க. நெருப்பு கிருப்பு புடிச்சிருச்சோன்னு காலையிலேயே மூடிய தொறந்து வச்சேன். இப்ப பொக சுத்தமா நின்னுருச்சு. அதச் சொல்லத்தான் எடுத்தேன். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க."

நான் பயப்படாமல் இருந்த நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு. என் மகள் ஆரணி குளிக்கப் போய்ப் பத்து நிமிடம் தாண்டினால் கதவைத் தட்டுகிற ஆள் நான். ஆனால் "பயப்படாதீங்க" என்ற சொல்லுக்கே இவ்வளவு பயந்தது அன்றைக்குத்தான். நடந்து முடிந்து பன்னிரண்டு நாட்களாகிவிட்டன. ஒஸ்லோவில் என் மேசையில் இருந்து இதை எழுதும்போதும், கெட்டில் கொதித்து ஆவி வந்தால் எழும்பிப் போய் மூடியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

2

பெட்டிக்குள் முப்பத்தெட்டுச் சிறு குழாய்கள் இருந்தன. கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் கொடுத்த இரத்தத்தில் இருந்து பிரித்து, உறையவைத்த உயிரணுக்கள். அவற்றைச் சுற்றிலும் ட்ரை ஐஸ். சாதாரணப் பனிக்கட்டி உருகித் தண்ணீராகும். இது உருகாது, மைனஸ் எழுபத்தெட்டுப் பாகையில் இருந்து நேராக ஆவியாகும். அதைத்தான் பெருமாள் புகை என்றார். அது புகைகிற வரைக்கும் உள்ளே இருப்பவை உயிரோடு இருக்கும். நின்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்.

என் தொழிலைப் பற்றி ஊரில் யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். ஒரு வைரஸ் இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லோர் உடம்பிலும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. அநேகமானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. சிலருக்கு மட்டும், மூக்குக்குப் பின்னால் தொண்டை தொடங்குகிற இடத்தில், அதுவும் ஒரு கையாக இருந்து புற்றுநோய் வளர்கிறது. நம் இரத்தத்தில் இப்படிப்பட்ட ஆட்களைப் பிடிக்கவென்றே காவல்கார உயிரணுக்கள் உண்டு. அவை வாசல் வரை வருகின்றன, பார்க்கின்றன, பிறகு கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் நிற்கின்றன. காவல்காரன் ஏன் கதவைத் திறக்கிறான்? இந்த ஒரு கேள்விக்குப் பின்னால்தான் என் தலைமயிர் போனது.

இதை முதன்முதலாக விசா அதிகாரி ஒருவருக்கு விளக்கிய நாள் மறக்காது. "புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்களோடு வேலை செய்யப் போகிறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் கதிரையை ஒரு அடி பின்னால் இழுத்தார். பிறகு, என் கடவுச்சீட்டை இரண்டு விரலால் பிடித்து முத்திரை குத்தினார்.

என் விசாவுக்கு ஆறு கிழமை எடுத்தது. இந்த முப்பத்தெட்டுக் குழாய்களுக்குப் பதினாலு மாதம். நெறிமுறைக் குழுவின் கடிதம், அமைச்சின் கடிதம், நோர்வே அரசின் அனுமதி, அந்த அனுமதி உண்மையான அனுமதிதான் என்று உறுதிப்படுத்தும் இன்னொரு கடிதம்.

கொடுத்தவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பது விதி. எண் மட்டும்தான். ஆனால் பதினேழாம் எண்ணை நான் கண்டிருக்கிறேன். போன வருடம் அந்த ஆஸ்பத்திரி விறாந்தையில், கையில் 17 என்ற ஒட்டுத்தாளோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மட்டக்குளியில் இறால் உரிக்கும் கம்பனியொன்றில் வேலை என்று அவரே சொன்னார்.

"என்ட ரத்தம் எங்க போகுது சேர்?"

"நோர்வேக்கு, அம்மா."

"எனக்கு வீசா கேட்டா அடிச்சுத் துரத்துவானுகள். ரத்தத்துக்கு மட்டும் குடுப்பானுகளோ?"

"குடுப்பினம்."

"அங்க சரியான குளிராமே."

"ஓம். இதை மைனஸ் எழுபத்தெட்டில வைச்சுத்தான் கொண்டுபோவம்."

"அது பழக்கந்தான். இருவது வருசமா ஐஸ் ரூமுக்குள்ளதான் எனக்கு வேலை. ரத்தத்துக்கும் பழகியிருக்கும்."

இந்த வருடம் மார்ச்சில் வந்த பட்டியலில் பதினேழாம் வரிசையின் கடைசிக் கட்டத்தில் "தொடர்பு முடிந்தது" என்றிருந்தது. எங்கள் பட்டியல்களில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். மற்ற முப்பத்தேழு பேரிலும் சிலரிடம் மறுபடி கேட்கலாம், அவர்கள் சம்மதித்தால். அந்த அம்மாவிடம் கேட்க முடியாது.

3

பெட்டி ஏன் விமானம் ஏறவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் வாசுகி தன் பக்கத்தை மட்டும் ஊருக்குச் சொல்லிவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரைக்குக் கூரியர்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து பெட்டியை எடுப்பதாக ஏற்பாடு. அன்று காலை வாசுகி குசினிச் சுவரில் தொங்கிய கலண்டருக்கு முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அவள் பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள்.

"அண்ணா, செவ்வாய்க்கிழமை மூண்டில இருந்து நாலரை ராகுகாலம்."

"வாசுகி, இது சயன்ஸ்."

"சயன்ஸ் ராகுகாலத்திலதான் வெளிக்கிட வேணும் எண்டு சட்டம் இருக்கோ? பதினாலு மாசம் அலைஞ்சு எடுத்த பேப்பர். ஒண்டரை மணித்தியாலம் பொறுத்தா என்ன குறைஞ்சு போவியள்?"

நான் எந்தப் பரிசோதனையையும் மூன்று தரம் செய்வேன். பிறகு பயத்துக்கு ஒருதரம் செய்வேன். அந்த நாலாவது தரத்தைச் செய்கிற மனிதன்தான் தொலைபேசியை எடுத்து, நேரத்தை ஐந்து மணிக்கு மாற்றினான். ஐந்தரைக்கு எடுத்துப்போன பெட்டி கொட்டாஞ்சேனையில் உள்ள களஞ்சியத்துக்குப் போய்ச் சேரும்போது, அன்றைய விமானத்துக்குச் சரக்கு எடுக்கும் நேரம் முடிந்துவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த நாள் பொசன் போயா, பௌத்தர்களின் முழுநிலா விடுமுறை. சுங்கம் பூட்டு, சரக்கு அனுப்பும் கந்தோர் பூட்டு, எல்லாம் பூட்டு.

அந்தக் கலண்டரை நான் பிறகு போய்ப் பார்த்தேன். ராகுகாலம் செவ்வாய்க் கட்டத்தின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது. பக்கத்துப் புதன் கட்டத்தில் முழு நிலவு அப்பளம் போல வட்டமாக அச்சடித்திருந்தது. ஒரு விஞ்ஞானியும் ஒரு கணித ஆசிரியையும் தலையோடு தலை முட்டிக்கொண்டு எறும்பைப் படித்திருக்கிறோம்.

"போயா எண்டு உனக்குத் தெரியாதோ?" என்று வாசுகியிடம் பாய்ந்தேன்.

"ஏன் தெரியாது? செவ்வாய்க்கிழமையே கோழி வாங்கி வைச்சிட்டன். போயாவில இறைச்சிக்கடை பூட்டெண்டு தெரியும். உங்கட பெட்டிக்கும் போயா இருக்கெண்டு நான் கண்டனானோ?"

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தின் குளிர்பெட்டிச் சாவி அங்கே வேலை செய்யும் பியசேன என்பவரிடம் இருந்தது. அவருடைய மனைவிதான் போனை எடுத்தார். வெள்ளை உடுத்து, சில் எடுக்க, அதாவது நாள் முழுக்க நோன்பிருக்க, விகாரைக்குப் போய்விட்டாராம். போனையும் சாவியையும் கொண்டுபோயிருக்கிறார். போனை நிறுத்தியிருக்கிறார். பொழுது சாய்ந்துதான் வருவார். கூரியர் கம்பனியின் இருபத்துநாலு மணிநேர இலக்கத்துக்கு எடுத்தேன். சிங்களத்துக்கு ஒன்றை, தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. இரண்டை அழுத்தினேன். என் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியமானது என்று ஒரு பெண்குரல் தமிழில் சொன்னது. அதை ஒன்பது தரம் சொன்னது.

"எங்கட பிரிட்ஜில வைக்கேலாதோ அண்ணா? மேல் தட்டை ஒதுக்கித் தாறன்," என்றாள் வாசுகி. நல்ல மனம்தான். அவளுடைய மேல் தட்டு ஐஸ்குச்சி செய்யும். என் குழாய்களுக்கு அது அடுப்பு மாதிரி.

4

கீழே நஸீர் நானாவின் ஓட்டோ நின்றது. தெமட்டகொடைக்காரர், வாசுகியைத் தினமும் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்குபவர். நான் ஏறினேன். கேட்காமலே, என்னோடு கொழும்புக்கு வந்திருந்த ஆரணியும் ஏறினாள்.

"நீ ஏன்?"

"மாமி என்ட ஸ்கூலைப் பற்றிக் கேக்கப் போறா பப்பா. நான் வாறன்."

நியாயமான காரணம். ஆரணிக்குப் பதினாறு வயது. வருகிற வருடம் தச்சுவேலை படிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். நோர்வேயில் அது நல்ல படிப்பு, நல்ல வேலை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அதை வாசுகியிடம் சொல்லும்போது என் குரல் ஏன் இறங்கியது என்று எனக்குத் தெரியாது. "தச்சுவேலையோ? அப்ப உங்கட பைலுகளை ஆர் பாக்கிறது?" என்றாள் வாசுகி. என் ஆய்வுக் கோப்புகளைப் பரம்பரைக் காணி என்று நினைத்துவிட்டாள். ஆரணி பணிவாகச் சொன்னாள்: "நான் பைல் வைக்க அலுமாரி செய்வன் மாமி."

அவளிடம் என் வேலையைப் பற்றிச் சொல்வதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். காதில் எப்போதும் பாட்டு. ஆனால் அன்று ஓட்டோவில், பதற்றத்தில், பதினேழாம் எண் அம்மாவின் கதையை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் அந்த வெள்ளைக் குமிழ்கள் இருந்தன.

பம்பலப்பிட்டி தாண்டவில்லை, நாலு பொடியன்கள் கொடியை ஆட்டி மறித்தார்கள். தன்சல். போயாவுக்குத் தெருவில் பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடோ குடிக்கவோ கொடுப்பார்கள். அவசரம் என்று நான் சிங்களத்தில் கத்தினேன். என் சிங்களம் துருப்பிடித்திருந்தது. ஒரு பொடியன் அதைத் தாகம் என்று எடுத்துக்கொண்டு இரண்டாவது கோப்பையையும் நீட்டினான். கொள்ளுப்பிட்டியில் அவித்த கடலை. கோட்டைக்குக் கிட்டப் பால்விடாத பிளேன்டியும் பிஸ்கட்டும். ஆரணி எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கினாள்.

"இது ஏன் சும்மா குடுக்கினம்?"

"புண்ணியத்துக்கு மகள்," என்றார் நஸீர் நானா.

"ஆருக்கு? குடிக்கிற ஆளுக்கோ, குடுக்கிற ஆளுக்கோ?"

"குடுக்கிற ஆளுக்கு. நீங்க குடிக்காட்டி அவங்களுக்குக் கெடைக்காது. அதால குடிச்சிருங்க."

அவள் என் கோப்பையையும் வாங்கிக் குடித்தாள்.

5

கொட்டாஞ்சேனைக் களஞ்சியம் ஒரு தகரக்கூரைக் கட்டடம். வாசலில் பெருமாள் ஒரு கதிரையைப் போட்டு, கதிரைக்குப் பக்கத்தில் என் பெட்டியை நிழலில் வைத்து, அதற்கு ஒரு காற்றாடியையும் திருப்பிவிட்டிருந்தார். "வெக்கையா இருக்கும்னு நெனச்சேங்க." ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து வந்தவர், அறுபது வயது. அந்த முகத்தைப் பார்த்து என்னால் ஏச முடியவில்லை. காற்றாடியை நிறுத்தினேன், மூடியை மூடினேன். அதற்கு முன் உள்ளே பார்த்தேன். மூலையில் இரண்டு கைப்பிடி வெள்ளைக்கட்டி மிஞ்சியிருந்தது. பெட்டியின் வெளியே இருந்த சின்னத் திரையில் மைனஸ் அறுபத்தாறு.

மைனஸ் நாற்பது வரை போனால் எல்லாம் முடிந்தது. அது என் கணக்கு.

"இதை நான் கொண்டுபோறன் பெருமாள்."

"கந்தோர் தொறந்து பேப்பர் தந்தாத்தான் சார் வெளிய விடலாம். நாளைக்கு எட்டு மணி. என் வேல போயிரும்."

"அப்ப இங்க வைச்சே ஐஸ் போடலாமோ?"

"போடலாம். ஆனா பேப்பர்ல பேரு உள்ளவரு பக்கத்துல இருக்கணும். இனிமே இந்தப் பொட்டிய நான் தொடமாட்டேங்க."

ஐஸ் எங்கே எடுப்பது? மட்டக்குளிப் பக்கம் மீன் ஐஸ் கிடைக்கும். அது பூச்சியப் பாகை, உதவாது. அப்போதுதான் ஓட்டோவில் சாய்ந்து நின்ற நஸீர் நானா வாயைத் திறந்தார்.

"சேர், அந்தப் பொகயிற ஐஸ்தானே? எங்கட ரோட்டுல ஐஸ்கிரீம் தன்சல் ஒண்டு ஈக்கி. கம்பனிக்காரங்க பொட்டி பொட்டியாத் தந்தீக்கிறாங்க. அதுக்குள்ள அப்புடிப் பொகயுது. தொட்டா கை சுடும்."

அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. "போய் வாங்கிக்கொண்டு வாங்கோ!"

"நான் தனியப் போனா ஐஸ்கிரீம் ரெண்டு தருவாங்க சேர். ஆராச்சும் வந்து வெளங்கப்படுத்தோணும். நீங்க வாங்க."

"அவரு போகக்கூடாதுங்க. தொறந்த பொட்டியத் தனியா என் பொறுப்புல வச்சுக்க மாட்டேன்," என்றார் பெருமாள்.

மூன்று பேரும் ஆரணியைப் பார்த்தோம்.

இல்லை என்றேன். தெரியாத நகரம், தெரியாத மொழி, பதினாறு வயது. போனில் சார்ஜ் எவ்வளவு? ஏழு வீதம். இல்லவே இல்லை. நான் பேசி முடிப்பதற்குள் அவள் ஓட்டோவில் ஏறிவிட்டாள்.

"பப்பா, நீங்கள் பெட்டியைப் பாருங்கோ. நான் ஐஸை எடுத்துக்கொண்டு வாறன். இது ஒரு கஷ்டமான விஷயம் இல்லை."

மணி பன்னிரண்டே கால்.

6

காவல்காரருக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டு இருந்தேன். மைனஸ் அறுபத்திரண்டு.

"இதுக்குள்ள என்னாங்க சார்?"

"ரத்தம்."

"ஆத்தாடி. நான் மாம்பழமோ கருவாடோன்னு நெனச்சேன். வெளிநாட்டுக்குப் போறதெல்லாம் அதுதானே."

நான் சிரித்தேன். கொழும்பில் யாரோ என் பெட்டியைத் திறந்து பார்ப்பது இது முதல்தரம் இல்லை. யுத்த நாட்களில், மாணவனாக வெள்ளவத்தையில் அறை எடுத்து இருந்த காலத்தில், கிருமி வளர்த்த மூன்று கண்ணாடித் தட்டுகளைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோனேன். சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். பெட்டியைத் திறந்த ஆமிக்காரர் என்ன இது என்று கேட்டார். அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி உள்ள ஒரு இளைஞன் அந்தக் கேள்விக்கு எதைச் சொல்லக்கூடாதோ அதைச் சொன்னேன். "பக்டீரியா." படித்த திமிர். நாலு மணித்தியாலம் மணல்மூட்டைக்குப் பக்கத்தில் முழங்காலில் வைத்திருந்தார்கள். ஜெல்லி என்று சொல்லியிருந்தால் ஒரு கரண்டி கேட்டிருப்பார்கள். அந்தக் கதையை நண்பர்களிடம் பகிடியாகத்தான் சொல்வேன். ஆரணியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த நகரத்துக்குள்தான் அவளை ஓட்டோவில் அனுப்பிவிட்டு இருந்தேன்.

ஒரு மணி: மைனஸ் ஐம்பத்தெட்டு. ஒன்று இருபதுக்கு அவளிடம் இருந்து ஒரு படம் வந்தது. வெள்ளைச் சட்டைகளின் முதுகுகள், நெடுந்தூரம். கீழே: "கியூவில நிக்கிறன். முன்னுக்கு ஒரு அறுபது பேர்."

உடனே எடுத்தேன். "கியூவோ? ஏன் கியூவில நிக்கிறாய்? முன்னுக்குப் போய்ச் சொல்லு!"

"எல்லாரும் நிக்கினம் பப்பா."

"அவை ஐஸ்கிரீமுக்கு நிக்கினம்! உனக்கு ஐஸ்கிரீமோ வேணும்?"

"ஒரு தாத்தா எனக்கு முன்னுக்கு நிக்கிறார். அவரைத் தள்ளிப்போட்டுப் போறது சரியில்லை."

"ஆரணி, உயிரணு சாகுது!"

"கத்தாதேங்கோ, சார்ஜ் குறையு..."

அவ்வளவுதான். பதினாறு வருடமாக நோர்வே என் மகளுக்குக் கற்றுக்கொடுத்ததில் நான் மிகவும் பெருமைப்பட்ட ஒன்று, வரிசையில் ஒழுங்காக நிற்பது. போன வருடம் பெற்றோர் கூட்டத்தில்கூட அதை நானே சொல்லிக்காட்டியிருக்கிறேன். நஸீர் நானாவின் போனுக்கு எடுத்தேன். ஓட்டோ நிறுத்த இடமில்லாமல் இரண்டு தெரு தள்ளி நிற்கிறாராம். "மகள் பத்தரமா ஈக்கிறா சேர், கியூவுலதான்" என்றார், நல்ல செய்தி சொல்லுகிறவர் போல.

இரண்டு மணி: மைனஸ் நாற்பத்தொன்பது. பெருமாள் தன் சோற்றுப் பார்சலைப் பிரித்து, பாதியை என் பக்கம் தள்ளினார். "தின்னுங்க சார். பாத்துக்கிட்டே இருந்தா கொறையவா போகுது?" நான் அதைத் திருப்பித் தள்ளினேன். பிறகு, அவரே மெதுவாக: "நான் தொறந்தது தப்புத்தானுங்களே?"

புகை வந்தால் திறந்து பார்க்கிறவன் நல்ல காவல்காரன். எனக்குத் தெரிந்த காவல்காரர்கள் எல்லாம் வீடு எரியும்போது சும்மா நிற்கிறவர்கள். "ராகுகாலத்திலேயே அனுப்பியிருக்கலாம்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டினார்.

இரண்டு இருபத்தைந்துக்கு மைனஸ் நாற்பத்தைந்து. நான் குழாய்களை எண்ணத் தொடங்கினேன், திறக்காமலே, மனதுக்குள். பதினேழில் நின்றுவிட்டேன். பிறகு மகளை நினைத்தேன். பெட்டி போகட்டும், பிள்ளை வந்தால் போதும் என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே, இரண்டும் வரட்டும் என்று பேரம் பேசினேன். யாரிடம் பேசினேன் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவர் யாரோ, அவரிடம்.

7

இரண்டு முப்பத்தைந்துக்குத் தெருமுனையில் பறை அடிக்கும் சத்தம் போல ஒன்று கேட்டது. நீலநிறச் சின்ன லொறி. பக்கத்துக்கொன்றாகப் பௌத்தக் கொடி. பின்தட்டில் ஏழெட்டுப் பேர் தகரத்தில் தட்டி வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள். நடுவில், ஒரு பெரிய ரெஜிபோம் நுரைப்பெட்டியின் மேல், கொடிக்கம்பைப் பிடித்தபடி என் மகள். லொறிக்குப் பின்னால் நஸீர் நானாவின் ஓட்டோ.

"மைனஸ் எத்தினை பப்பா?"

"நாற்பத்து மூண்டு."

"அப்ப ஏன் அழுறியள்?"

குதித்து இறங்கினாள். மூடியைத் திறந்தேன். லொறியில் வந்தவர்கள் சாக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு வெள்ளைக்கட்டிகளை அள்ளிக் கொட்டினார்கள். பெட்டி மறுபடி புகைந்தது. பெருமாள் இரண்டு அடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரையில் எண் நின்றது, யோசித்தது, நாற்பத்து நாலு என்றது. நாற்பத்தேழு என்றது.

"எல்லா ஐஸையும் தந்திட்டினம்," என்றாள் ஆரணி. "அவையின்ட ஐஸ்கிரீம் உருகுது. அதால இங்கயே கொண்டுவந்திட்டினம். இந்த ரோட்டில உள்ள ஆக்களுக்குக் குடுக்கப் போயினம்."

"நீ என்ன சொல்லிக் கேட்டனீ?"

"முதல் இங்கிலீஷில சொன்னன், தன்சல்காரருக்கு விளங்கேல்லை. நோர்வேஜியனில சொன்னன், அதுவும் விளங்கேல்லை. பிறகு தமிழில சொன்னன். பின்னுக்கு நிண்ட ஒரு அக்கா சிங்களத்தில மாத்திச் சொன்னா."

"தமிழில என்னத்தைச் சொன்னாய்?"

"ஒரு அம்மா உருகிறா. அவவுக்கு விசா இருக்கு, ஐஸ் இல்லை. அவ்வளவுதான்."

அப்படியானால் ஓட்டோவில் அந்த வெள்ளைக் குமிழ்களுக்குள் பாட்டு எதுவும் ஓடவில்லை.

லொறியின் முன்கதவு திறந்தது. இடுப்பில் வெள்ளைச் சாரம், மேலே வெள்ளை பெனியன், எழுபது வயதுக்குக் கிட்ட ஒரு பெரியவர், கையில் ஒரு ஐஸ்கிரீம் கோப்பையோடு கடைசியாக இறங்கினார். தன்சலின் தலைவர். என்னைப் பார்த்தார், பெருமாளைப் பார்த்தார், களஞ்சியத்துக்குள் எட்டிப் பார்த்தார். சிங்களத்தில் கேட்டார்: அந்த அம்மா எங்கே?

ஆரணி பெட்டிக்குள் விரலை நீட்டினாள். வெள்ளை ஆவிக்கு நடுவில், சுண்டுவிரல் அளவுக் குழாய், மூடியில் 17.

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். பெரியவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். குனிந்து, கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, பெருமாளின் மேசையில் இருந்த பதிவுப் புத்தகத்தைத் தள்ளிவிட்டு, ஐஸ்கிரீம் கோப்பையை அந்த இடத்தில் வைத்து, கரண்டியையும் பக்கத்தில் நேராக வைத்தார். என்னிடம் இரண்டு வசனம் சொன்னார். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. நஸீர் நானாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"இது அந்த அம்மாட பங்காம் சேர். தன்சலுக்கு ஆள் அனுப்பிக் கேட்டவங்கள ஒண்டும் குடுக்காம அனுப்ப ஏலாதாம்."